காயாத முந்நூறு ஜோடி

ஊருக்கெல்லாம் அவன் ‘ஊசி’. படைவீரர்களுக்குச் செருப்புத் தைப்பவன். வாயும் ஊசிதான், குத்தாமல் பேசத் தெரியாது. பழைய மன்னர் கண்மூடியதும் எல்லைச் சீமைகள் நான்கும் ‘நீ யார், நாங்கள் யார்’ என்று முறுக்கிக்கொண்டன. பட்டத்துக்கு வந்த மகன் சும்மா இருப்பாரா? இரண்டே வருஷத்தில் மூன்றை மடக்கிவிட்டார். மூன்றாவது ஊர் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை, சாம்பல்தான் மிஞ்சியது. வேலை வேலைதானே என்று ஊசியும் கூடவே போய்க்கொண்டிருந்தான்.

நான்காவது, மலையூர். அங்கேதான் அவன் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது.

அடிவாரத்தில் கூடாரம் போட்டதும் தளபதியிடம் போனான். “புது அடித்தோல் இன்னும் ஈரங்க. இப்பவே பாறை ஏறினா தையல் பிரிஞ்சிடும். எட்டு நாள் வேணும்.”

தளபதி உடனே சரி என்றார். போன வருஷம் இதே பேச்சைக் கேட்காமல் கிளம்பி, பாதி வழியில் படையே நொண்டியது அவருக்கு மறக்குமா!

தோல் மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது. அப்புறம்? தினம் விடியுமுன் எழுந்து முந்நூறு ஜோடிக்கும் தண்ணீர் தெளித்தான், பாவி. தன் வேலையைத் தானே கெடுப்பது பெற்ற பிள்ளையைக் கிள்ளுவதுபோல இருந்தது. அதற்குள் மலைமேல் இருப்பவர்களுக்கு நல்ல புத்தி வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

ஏழாம் நாள் உச்சிவெயிலில் தளபதி வந்து ஒரு செருப்பைத் தடவிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இந்த வெயில்ல மண்டையே காயுது. உன் தோல் மட்டும் காயலையா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள்தான் மறைப்பது? ஊசி காலில் விழுந்தான். “என் தங்கச்சி மேல இருக்கா ஐயா. ரெண்டு குழந்தைங்க.”

தலை போயிற்று என்றே நினைத்தான். தளபதி செருப்பைக் கீழே வைத்தார். போன ஊரின் புகை அவர் மூக்கைவிட்டு இன்னும் போகவில்லை.

“இன்னும் எத்தனை நாள் ஈரமா வெச்சிருக்க முடியும்?”

“நீங்க சொல்ற வரைக்கும்ங்க!”

“சரி, எழுந்திரு. நீயே மேல போ. கதவைத் திறந்தா ஒரு கூரையைக்கூடத் தொடமாட்டேன்னு நான் சொன்னதாச் சொல்லு. மன்னர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

போனான். கோட்டைச் சுவரின் மேலிருந்து தங்கை புருஷன் கத்தினான்: “மச்சான், நீங்க யார் பக்கம்?”

“உன் பொண்டாட்டி பக்கம்! கதவைத் திற மாப்பிள்ளை.”

நான்கு நாள் பேச்சும் வாய்ச்சண்டையும், நடுவில் தளபதியிடம் இரண்டு நடை. ஐந்தாம் நாள் பெரியவர்கள் சாவியோடு மலையிறங்கினார்கள். தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“கட்டிக்கொடுத்து ஏழு வருஷம்! என் வீட்டுக்கு வர ஒரு படையே வேண்டியிருந்துதா அண்ணே?”