நான் விசில் ஊதாத சீசன்

வரமாட்டேன் என்று சொன்னதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. சொன்ன பிறகு நடந்த கூத்துதான் தாங்க முடியவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கி, கடைக்காரர்கள் ஷட்டரை முழுசாகத் தூக்க ஆரம்பித்த சமயம். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் உள்ள கடற்கரை ஊர்களும் செங்கல்பட்டுப் பக்கத்து டீம்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் கால்பந்துப் போட்டி எங்களுடையது. பெரிய பரிசெல்லாம் கிடையாது. ஆனால் ஊர் மானம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது. நின்றுபோயிருந்த போட்டியை மறுபடி தொடங்கலாம் என்று செயலாளர் முடிவெடுத்து, ரெஃபரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மாமல்லபுரத்தில் டிராவல்ஸ் நடத்துகிறவர். டூரிஸ்ட் வராமல் வண்டிகளெல்லாம் அவர் வீட்டு வாசலிலேயே தூசி படிந்து நின்ற காலத்தில், மனுஷனுக்கு இருந்த ஒரே பிடிப்பு இந்தப் போட்டிதான்.

“யாருக்காச்சும் ஒடம்பு பயம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா எட்த்துக்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தார். தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள் கட்டாயம் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தெரிந்தேதான் முதல் பதிலை நான் போட்டேன். “பாய், இந்த சீசன் நான் வரல. வூட்ல அவரு ஒடம்புக்கு ஒத்துக்காது. வேற ஆள் பாத்துக்குங்க.” அவ்வளவுதான். என் குரல் போனதும் இன்னும் இரண்டு பேர் வரவில்லை என்றார்கள். ஒருவருக்கு வீசிங். இன்னொருவர் வீட்டில் மகள் பிள்ளைத்தாய்ச்சி. யார் முதலில் வாயைத் திறப்பது என்று அதுவரை இருவரும் காத்துக்கிடந்திருக்கிறார்கள்.

நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவருக்கு மாற்றுக் கிட்னி வைத்தார்கள். கொடுத்தவர் படாளத்தில் இருக்கும் அவருடைய அக்கா. புதுக் கிட்னியை உடம்பு வேற்றாள் என்று தள்ளிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும். மற்றவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற சளிக்கு, இவர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். கொரோனா வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் தன் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அது போதும்.

ரெஃபரி வேலை என்றால் ஓடுவதும் ஊதுவதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை திட்டு வாங்குவது. ஒரு ஃபவுல் கொடுத்துப் பாருங்கள். மூச்சு இரைக்க நாலு பேர் ஓடிவந்து, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி நின்று, எச்சில் தெறிக்க நியாயம் கேட்பார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு விசில் ஊத முடியாது. மாஸ்க் இல்லாமல் நின்றால் அந்த எச்சிலைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த சீசனில்தான் எனக்கு நடு விசில் தருவதாக இருந்தார்கள். வருடக்கணக்காக ஓரத்தில் கொடி பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். லைன்ஸ்மேன் என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். பொம்பளை என்பது திட்டும்போது மட்டும் அவர்களுக்கு ஞாபகம் வரும். கிரவுண்டு நடுவில் ஒரு பொம்பளை நின்று ஊதினால் பசங்கள் மதிப்பார்களா என்று குழுவில் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார்கள். பாய்தான் அடித்துப் பேசி, இந்தத் தடவை டீச்சர்தான் சென்டர் ரெஃபரி என்று முடித்துவைத்தார்.

போதாக்குறைக்கு எங்கள் குழுவில் ஒரு சட்டம் வேறு. ஒரு சீசன் வராதவர் அடுத்த சீசனில் கொடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மச்சினிச்சி கல்யாணம், வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வந்த விருந்தாளி என்று பாதியில் கம்பி நீட்டுகிற ஆட்களுக்காகப் போட்டது. அதைப் போட்ட அன்றைக்கு முதலில் கை தூக்கியவள் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான் இது. யாரிடம் போய் அழ?

மறுநாளே பாய் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்துப் பேசினேன். கோபமாக இல்லை. பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார்.

“டீச்சர், இத்த பாருங்க. வாயே வாணாம். கையால அமுக்குனா போதும்.”

அமுக்கினார். லோடு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு சத்தம். எதிர்வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்து தெருவில் நின்ற தன் பைக்கை ஓரம் கட்டினார்.

“கடக்கரை காத்துல இது கோல்கீப்பர் காதுலகூட வுழாது பாய்.”

“வுழும் டீச்சர். ஸ்கூல் தொறந்தா போவீங்க இல்ல? அங்க மட்டும் கொரோனா லீவுல பூட்ச்சா?”

நல்ல கேள்விதான். ஆனால் எனக்கும் பதில் இருந்தது. “ஸ்கூல்ல எந்தப் பொண்ணும் மூஞ்சிகிட்ட வந்து, கண்ணு அவிஞ்சி பூட்ச்சான்னு என்னைக் கேக்காது பாய். அதுவும் இல்லாம அது சோறு. இது ஆசை. ஆசைய ஒரு வருசம் தள்ளி வெக்கலாம்.”

பாய் அந்தப் பெட்டியைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். “உங்களுக்குன்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டு வாங்கனது டீச்சர் இது” என்றார்.

சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் முடிவு சொன்ன பிறகு கெஞ்சலுக்கு மனசு மாறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மாறியிருந்தால் இத்தனை வருடம் கடற்கரைப் பசங்களிடம் நான் காலம் தள்ளியிருக்கவே முடியாது. அவரை ஒரு வாய் டீகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். அந்தக் காலத்தில் அதுதான் மரியாதை.

இதெல்லாம் வெளியே இருந்த வம்பு. இதைவிடப் பெரிய வம்பு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் பாய் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். “ரொம்ப சந்தோசம் டீச்சர். அண்ணாத்த இப்பதான் பேசனாரு. நீங்க வரீங்களாமே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் பார்த்தால் வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் இல்லை. கடைக்குத்தான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரைப் பெட்டியும் இல்லை, இரண்டு லுங்கியும் இல்லை. சீசன் முடிகிற வரைக்கும் நான் எங்க அக்கா வீட்டில் இருந்துகொள்கிறேன், அவள் வந்து ஊதுவாள் என்று பாயிடம் சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டேன். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது.

படாளத்துக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, அவரு அங்க வந்தாரா?”

“வந்துகீறான். நான் உள்ள வுடல” என்றார் என் நாத்தனார். “வூடு பூரா நடவு ஆளுங்க வந்துகினு போய்கினு கீது. மாட்டுக் கொட்டாயாண்ட கட்டில் போட்டு ஒக்கார வெச்சிகீறேன். நீ வந்து இட்டுகினு போ.”

ஊரில் எல்லோருக்கும் நாத்தனாரோடு ஆகாது. எனக்குக் கடவுள் அந்த ஒரு விஷயத்தில் குறை வைக்கவில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் மாஸ்க்கோடு, மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு மாடு. பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன்.

“யாரக் கேட்டு பாய்க்கு போன் பண்ணீங்க?”

“உன்னக் கேட்டா வாணாம்ப.”

“தெரியுது இல்ல?”

“எத்தினி வருசமா கொடியப் புட்ச்சிகினு ஓடற? இப்பதான் கெடச்சிது. அத்தயும் நான் கெடுக்கறதா?” தலையைத் தூக்காமலே பேசினார். “டீக்கடையில பேசிகினு கீறானுங்க. சீக்காளிப் புருசன வெச்சிகினு அது இன்னா பண்ணும், பாவம்னு. எனக்கு அசிங்கமா கீது.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. உயிரைப் பற்றித்தான் நான் யோசித்தேனே தவிர, அவருடைய மானத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அதற்குள் வாசலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “டேய், உள்ள கீறது என்னுது. அத்த எட்த்துகினு ஊர் ஊரா சுத்தற வேல வெச்சிக்காத. எழுந்து போ.”

“நான் பயந்துதான் வரலன்னேன்” என்று அவரிடம் சொன்னேன். “எனக்குப் பயம். அதுக்கு நீங்க இன்னாத்துக்கு அசிங்கப்படணும்? முடிவு நான் எட்த்தது. அத்த மாத்தற அதிகாரம் பாய்க்கும் கெடையாது, உங்களுக்கும் கெடையாது.”

எழுந்தார். அவர் ஸ்கூட்டர் முன்னால் போக, நான் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். பாயிடம் மறுபடி பேசி, வரவில்லை என்று திட்டவட்டமாகச் சொன்னேன். நடு விசில் ஒரு சின்னப் பையன் கைக்குப் போனது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாத விஷயமே இல்லை. குழம்பில் புளி, ஃபேன் வேகம், சாவியை எந்த ஆணியில் மாட்டுவது என்று எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு நியாயம் உண்டு, எனக்கு ஒன்று உண்டு. இப்போது எதைச் சொன்னாலும் “சரி” என்றார். வேண்டுமென்றே ஒரு நாள் உப்பே போடாமல் சாம்பார் வைத்தேன். வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். டி.வி. போடட்டுமா என்று என்னிடம் கேட்டார். அது அவரே வாங்கிய டி.வி.தான். கடன்பட்டவர் மாதிரி, விருந்தாளி மாதிரி வீட்டில் நடமாடினார். கிட்னியைக் காப்பாற்றிவிட்டு ஆளைத் தொலைத்துவிட்டோமோ? பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் அழுதேன் என்று அவருக்குத் தெரிந்தால் அதற்கும் அவர்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்.

சீசன் நல்லபடியாகவே முடிந்தது. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைப் பசங்கள் கோப்பையை வாங்கினார்கள். யாருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. பாய் இதைச் சொல்வதற்காகவே போன் செய்தார்.

“பாத்தீங்களா டீச்சர், ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. நீங்கதான் சும்மா பயந்துட்டீங்க.”

“ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான ஒக்காந்தேன் பாய். எங்க வூட்லயும் ஒண்ணும் ஆவல.”

பாய் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன், அல்லா அவரை நல்லா வைக்கட்டும்.

அடுத்த சீசன் வந்தபோது ஊசியெல்லாம் போட்டு முடித்திருந்தோம். கூட்டத்தில் ஒட்டாமல், மாஸ்க்கோடு வெளியே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாய் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்து நடு விசிலையே தருகிறேன் என்றார். வேண்டாம் என்று கொடியை வாங்கிக்கொண்டேன். கை தூக்கிப் போட்ட சட்டத்தை எனக்கு மட்டும் வளைத்தால் நாளைக்கு எந்த முகத்தோடு நான் ஆஃப்சைடு கொடுப்பது?

முதல் ஆட்டம் சதுரங்கப்பட்டினத்தில். நானும் வரேன் என்று அவர் கிளம்பினார். பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டின கிரவுண்டு. கூட்டத்தைவிட்டுத் தள்ளி, ஒரு சவுக்கு மரத்தடியில் அவரை உட்காரவைத்துவிட்டு நான் கொடியோடு ஓரக் கோட்டுக்குப் போனேன்.

இரண்டாம் பாதியில் உள்ளூர்ப் பையன் ஒருவன் பந்தை வாங்கி வலைக்குள் அடித்தான். ஊரே எழுந்து குதித்தது. நான் கொடியைத் தூக்கினேன். பந்து அவனுக்கு வரும்போதே எதிர் டீமின் கடைசித் தடுப்பாளான பேக்கைத் தாண்டி நின்றிருந்தான். ஆஃப்சைடு, கோல் கிடையாது. அவ்வளவுதான், என் கோட்டை ஒட்டிக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“ஏ லைன்ஸ்மேன், கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்றான் ஒருத்தன். இதெல்லாம் எனக்குப் பழகின பாட்டு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் தோப்புப் பக்கமிருந்து, மாஸ்க்குக்குள்ளிருந்தே, அத்தனை பேரையும் அமுக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

“ஆஃப்சைடா அது? அந்தக் கோடில பேக்கு நிக்கறான் பாரு. கொடிய எறக்குடி.”

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. “இன்னா அண்ணாத்த, டீச்சரப் போயி ‘டி’ போட்டுப் பேசற?” என்று ஒருவர் முறைத்தார்.

“எம் பொண்டாட்டிதான்யா அது” என்றார் இவர். “வூட்லயும் இப்படித்தான். தூக்குனா எறக்காது.”

கூட்டம் சிரித்துவிட்டது. ஆட்டம் தொடர்ந்தது. நான் கொடியை இறக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு எனக்குப் பந்து சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் விடவே இல்லை. பேக்குடைய கால் உள்ளேதான் இருந்தது என்றார். இல்லை என்றேன். எனக்குக் கண் இல்லையா என்றார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டோர மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, பேக் நின்ற இடம் இது, பந்து போன இடம் இது என்று காட்டினார். நான் குச்சியைப் பிடுங்கி அதை அழித்துவிட்டு என் கோட்டைப் போட்டேன். அதையும் அழித்தார். நடு விசில் எனக்கு இன்றைக்கு வரைக்கும் வரவில்லை, வரும்போது வரட்டும். இருட்ட ஆரம்பித்த பிறகும் நாங்கள் அங்கேயே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.