நான் பிடித்த முனை

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, வருடம் சரியாக நினைவில்லை. அரியலூரில் கடலை அறுவடை முடிந்திருந்த சமயம். எனக்கு இருபது வயது இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஐந்தாறு ஊர் சுற்றி, கடைசியில் ஒரு கடலை வியாபாரியிடம் வந்து சேர்ந்திருந்தேன். வேலை, மூட்டை தூக்குவது. படுக்கை, அவருடைய பழைய கிட்டங்கியின் முன்கூடம்.

அந்தக் கூடத்தில்தான் பளு தூக்கும் ஆட்கள் பயிற்சி செய்தார்கள். முதலாளிக்கு அப்போது தேர்தலில் நிற்கும் ஆசை இருந்தது. அதனால் பத்துப் பதினைந்து இளைஞர்களுக்குக் காலையில் இடம் விட்டிருந்தார். ஆனால் தரை விஷயத்தில் மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்கும் புத்தி கிடையாது. சிமெண்டில் வழவழவென்று போட்ட தரை. ஒரு முறை யாரோ இரும்புத் தட்டு மாட்டிய கம்பியைக் கீழே விட்டு ஓர் இடம் பெயர்ந்துவிட்டது. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"இது எங்கப்பாரு போட்ட தரை. இன்னொருவாட்டி ஒடஞ்சிச்சு, மொதல்ல நீ வெளிய. அப்பறந்தான் அவனுங்க."

அதற்குப் பிறகு இரண்டு சாக்குகளில் கடலைத் தொலியை அடைத்துத் தைத்து, கம்பியின் இரண்டு முனைக்கும் கீழே ஒவ்வொன்றாகப் போட்டு வைத்தோம். இரவில் அந்த இரண்டு சாக்கும் எனக்கு மெத்தை. விடிந்ததும் அவற்றை இடத்தில் போட வேண்டியது என் பொறுப்பு.

அங்கே வந்தவர்களில் ஒருவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். குன்னம் பக்கத்து ஆள். ரயிலடியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுபவர். அவர் வீட்டில் யாருக்கும் ஒரு காணி நிலம் கிடையாது. எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள். மாதச் சம்பளம் வாங்கியவர் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. திருச்சியில் ஓர் ஆபீஸில் விளையாட்டுக் கோட்டாவில் பளு தூக்குபவர்களைத் தேர்ந்தெடுத்து வேலைக்கு எடுத்தார்கள். முந்தின வருடம் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார். வயது வரம்புப்படி அந்த வருடம்தான் அவருக்குக் கடைசி.

தோற்ற காரணத்தை என்னிடம் அவர்தான் விளக்கினார். கம்பியைத் தரையிலிருந்து இழுத்துத் தோளில் வாங்கும்போது உடம்பு அடியோடு குந்திவிடும். பிறகு அந்தப் பாரத்தோடு எழ வேண்டும். அவரால் வாங்க முடிந்தது, எழ முடியவில்லை. அதற்கான மருந்து ஃப்ரண்ட் ஸ்குவாட். கம்பியைக் கழுத்துக்கு முன்னால், இரண்டு தோளிலும் தாங்கி, மணிக்கட்டைப் பின்னால் மடித்து விரல்களைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, முழங்கையை நேராக உயர்த்திக்கொண்டு, முழுக்கக் குந்தி எழுவது. முழங்கை கொஞ்சம் தாழ்ந்தால் போதும், கம்பி உருண்டுவிடும்.

ஒரு வருடம் அதையே செய்தார். பகலெல்லாம் மூட்டை, காலையில் இது. சட்டையைக் கழற்றினால் கழுத்தெலும்பின் மேல் காய்ப்புக் காய்த்திருக்கும். எங்களுக்கெல்லாம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தார்.

"முடியலன்னா கம்பிய முன்னாடி வுட்டுட்டுப் பின்னால குதிச்சிருவேன். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. புடிக்கிறேன்னு வந்தீங்கன்னாதான் கை போவும்."

இதை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன்.

திருச்சிக்குப் போக எட்டு நாள் இருந்தது. அன்று காலை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். வேறு யாரும் வந்திருக்கவில்லை. நூற்றுப் பதினைந்து கிலோ ஏற்றினார். அவருடைய உடம்பே அறுபதுதான். தட்டுகளை மாட்டிவிட்டுக் கீழே பார்த்தார்.

"யோவ் ஊர்சுத்தி, இந்தப் பக்கத்து மூட்டை எங்க?"

அதை எலி கடித்துவிட்டது. உள்ளே ஒன்றிரண்டு கடலை தங்கியிருக்கும் அல்லவா, அதற்காக. தொலி கொட்டுகிறது என்று மூன்று நாளாக மூலையில் போட்டு வைத்திருந்தேன். கோணி ஊசி இருந்தது, சணல் இருந்தது. தைக்கவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

"தச்சிக்கிட்டிருக்கேண்ணே. நீங்க தூக்குங்க. இந்த வெயிட்ட நீங்க வுடுவீங்களா என்ன?"

"வுட்டா ஒன் மொதலாளி ஒன்னத் தூக்கி வெளிய வுடுவாரு" என்று சிரித்தார். கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தோளில் வாங்கிக்கொண்டு, முதல் தடவை குந்தி எழுந்துவிட்டார். இரண்டாவதில் குந்திவிட்டு, பாதி எழும்போது நின்றுபோனார். தொடை நடுங்கியது. முழங்கை தாழத் தொடங்கியது. "வுடறேன்" என்றார். தெளிவாகக் கேட்டது.

எனக்கு அந்த நேரத்தில் அவர் முகம் தெரியவில்லை. என் பக்கம் மூட்டை இல்லாத வெறும் தரைதான் தெரிந்தது. ஓடிப்போய் என் பக்கத்துத் தட்டுகளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து மாரோடு அணைத்துக்கொண்டேன்.

என் முனை நின்றது. மறுமுனை போயிற்று. கம்பி சாய்ந்து முறுக்கிக்கொண்டதில் அவருடைய இடது கை கம்பிக்கும் முழங்காலுக்கும் நடுவே மாட்டியது. காய்ந்த கடலைக்காயை நசுக்குவது போல ஒரு சத்தம். மறுமுனைத் தட்டுகள் நல்ல மூட்டையின் மேல் மெத்தென்று விழுந்தன. நான் என் முனையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தேன். ஆமாம், மெதுவாக இறக்கி வைத்த பிறகுதான் அவரைப் பார்த்தேன்.

மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் மணிக்கட்டு பின்னால் மடங்கவே இல்லை. திருச்சி அதோடு முடிந்தது. கூட இருந்தவர்கள் என்னை அடிக்க வந்தபோது கட்டுப்போட்ட கையோடு அவர்தான் குறுக்கே நின்றார்.

"அவன ஒண்ணுஞ் சொல்லாதீங்கடா. எனக்கு என்னமோ ஆயிரப் போவுதுன்னு பயந்து புடிச்சிட்டான். பாசக்காரப் பய."



விஷயம் கேட்டு அன்றைக்கே முதலாளி வந்தார். முதலில் தரையைப் பார்த்தார், குனிந்து கையால் தடவியும் பார்த்தார். "பரவால்ல, ஒண்ணும் ஆவல" என்றார். எனக்குப் புதுச் சாக்கு ஒன்று கொடுத்தார். அந்த இடத்தில் இன்னும் மூன்று மாதம் படுத்திருந்தேன். தூக்கம் வராமல் எல்லாம் இல்லை, நன்றாகவே தூங்கினேன். பிறகு கூடத்தை உர மூட்டை வைக்க வாடகைக்கு விட்டார். உரக்காரர்கள் இரும்புச் சக்கர வண்டியை உள்ளே தள்ளி, நான் கிளம்பும் முன்பே தரையைப் பொத்தல் பொத்தலாக்கிவிட்டார்கள். முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறேழு வருடம் கழித்து, லாரியில் கிளீனராக இருந்தபோது வெங்காயம் ஏற்றக் குன்னத்துக்குப் போனேன். களத்தில் பெண்களோடு உட்கார்ந்து அவர் அரிவாள்மனையில் ஒற்றைக் கையால் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார். இடது கை, மடங்காத கட்டை போல மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைக் கட்டிக்கொண்டார்.

"ஏ, இங்க பாருங்க. நான் சொல்லுவனே, அவன் இவந்தான்."

ஒரு பெண் என் கைகளைப் பார்த்தாள். "இவருதான் புடிச்ச மவராசனா? இவரு கை நல்லாத்தாங்க இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "போவட்டும் வுடு. எம்மேல உசுரு அவனுக்கு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

லோடு ஏற இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். டிரைவர் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. டீயை முழுக்கக் குடித்தேன். அவரிடம், "அண்ணே, நான் ஒங்களப் புடிக்கல. என் படுக்கையத்தான் புடிச்சேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

இப்போதும் யாராவது தடுமாறினால் என் கை முதலில் நீளத்தான் செய்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. இது அந்த ஆளுக்காகவா எனக்காகவா என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் விழுந்துவிடுகிறார்.