சந்தனம் பூசிய செல்லோ

எங்கள் மில்லில் விழா என்றால் தட்டு ஏந்துவது நான்தான். ஆபீஸில் பெண் என்று இருந்தது நான் ஒருத்தி. ராஜபாளையத்தில் அந்த மில்லின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை அந்தந்த அறைக்கு இணைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் ஆயுத பூஜையோ சுதந்திர தினமோ எது வந்தாலும் மேனேஜர், "பட்டுச்சேலை கட்டிட்டு வந்துரும்மா" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் பட்டுச்சேலையோடு நசுங்கி வந்து, சந்தனம், குங்குமம், பன்னீர், சால்வை எல்லாம் வைத்த தாம்பாளத்தோடு மேடை ஓரத்தில் நிற்பேன். பன்னீர் வாசம் எங்கேயாவது அடித்தால் இப்போதும் தள்ளிப் போய் நின்றுகொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் மில்லுக்கு வெளிநாட்டு மெஷின்கள் வந்தன. அவற்றைப் பொருத்த வந்த இன்ஜினியர் ஆறு மாதம் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். கூட அவர் மனைவி. ஐம்பது வயது இருக்கும். அந்த அம்மா தன் ஊரில் கச்சேரிகளில் செல்லோ வாசிப்பவராம். வயலின் போலத்தான் இருக்கும், ஆனால் அதைத் தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் ஊன்றி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே அணைத்து வாசிக்க வேண்டும்.

என் போர்டு அறைக்குப் பின்சுவர்தான் கெஸ்ட் ஹவுஸ். தினமும் மதியம் மூன்று மணிக்கு அவர் வாசிக்க ஆரம்பிப்பார். அதில் ஒன்று மெதுவான பாட்டு. அடிவயிற்றிலிருந்து வருகிற குரலில் தொடங்கும். அவசரமே இல்லாமல் ஏறும். ஓரிடத்தில், இனி தாங்காது என்கிற இடத்தில், நின்று திரும்பும். சரியாக அப்போதுதான் என் போர்டில் விளக்கு எரியும். கோயம்புத்தூர் டிரங்க் கால், பஞ்சு லாரி எங்கே நிற்கிறது என்று. பேசி இணைத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினால் பாட்டு முடிந்திருக்கும். இரண்டு மாதமாக இதே கதைதான். திரும்பிய பிறகு அந்தப் பாட்டு எங்கே போகிறது என்று தெரியாமல் பஸ்ஸில்கூட அதையே நினைத்துக்கொண்டு வருவேன். என் வீட்டில் ரேடியோவில் நாடகம் தவிர வேறெதையும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட எனக்கு அந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்ததோ.

அந்த அம்மா தன் ஊருக்கு டிரங்க் கால் பதிவு செய்ய என்னிடம் வருவார். ஒருநாள் என் ஓட்டை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன், உங்கள் பாட்டின் முடிவை நான் கேட்டதே இல்லை என்று. போர்டைக் காட்டி, விளக்கைக் காட்டி, சுவரைக் காட்டிச் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் கேட்கலாம் என்றார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் மில்லின் மனமகிழ் மன்றத்தில் அவருக்கு நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. பக்கத்துக் கான்வென்ட் பள்ளியின் பியானோவைப் பஞ்சுப் பேல் ஏற்றுகிற லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதை வாசிக்க அந்தப் பள்ளியின் சிஸ்டரே வந்திருந்தார். எனக்கு வழக்கம்போல் பட்டுச்சேலை, தாம்பாளம், மேடை ஓரம். முதல்முறையாக அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. செல்லோவுக்கும் எனக்கும் நடுவே நாலடிகூட இல்லை. அவர் வில்லை இழுக்குமுன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

நம் ஆட்கள் ரசித்த ரசனையை என்னவென்று சொல்வது. அந்த அம்மா கணுக்கால் வரை பாவாடைதான் உடுத்தியிருந்தார். ஆனாலும் செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே வைத்ததுமே முன்வரிசை ஆபீசர்கள் ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தர் சொன்னது என் காதில் விழுந்தது. அதை எழுத என் கை கூசுகிறது. அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு பெண்கள்.

"ஏலே, வயலினுக்கு ஒடம்பு போட்ருச்சுலே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எம்புட்டுப் பெருசா இருக்கு, சத்தம் கம்மியால்ல வருது! மைக்கைக் கிட்டத்துல வைங்கப்பா" என்றது இன்னொன்று. மைக் செட்காரர் ஓடிவந்து மைக்கைச் செல்லோவின் வயிற்றில் முட்டுகிற மாதிரி வைத்து, போனஸாக எக்கோவையும் கூட்டிவிட்டுப் போனார். துண்டுச்சீட்டில் சினிமாப் பாட்டு கேட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார்கள். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு மடித்துப் பியானோ மேல் வைத்தார். மேனேஜர் வீட்டம்மா பக்கத்து அம்மாளிடம், "ஏட்டி, செத்த நேரத்துல முடிஞ்சிரும்லா?" என்று கேட்டுக் கொட்டாவி விட்டார்.

மூன்றாவதாக அந்தப் பாட்டு வந்தது. பியானோ கீழே மெல்லத் தட்டிக்கொண்டே வர, செல்லோ தொடங்கியது. சுவர் இல்லை, போர்டு இல்லை, விளக்கு இல்லை. பாட்டு ஏறியது. தாங்காத அந்த இடம் வந்தது, நின்றது, திரும்பியது.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வாட்சைப் பார்த்தார். முதலாளிக்குச் சம்பந்தியான ஊர்ப் பெரிய மனிதர். அடுத்து ஒரு கல்யாண வரவேற்புக்கு அவர் போகவேண்டுமாம். மேனேஜர் எழுந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், தட்டைக் கொண்டு வா என்று. நான் அசையவில்லை. அவர் மேடையேறி வந்து என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினார்.

"அவிய கெளம்பணும்மா. சட்டுனு வா."

நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சால்வை போடுவது நம் பக்கத்து வழக்கம்தான். அவரும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாசிப்பைத் தொடர்வார். அந்த நினைப்பில் பெரிய மனிதர் பின்னாலிருந்து ஜரிகைச் சால்வையை விரித்து அந்த அம்மாமேல் போட்டார். வில் பிடித்த கை சால்வைக்குள் மாட்டிக்கொண்டது. செல்லோ கிறீச்சிட்டு நின்றது. மன்றமே அதிரக் கைதட்டினார்கள். அன்றைக்கு விழுந்த கைதட்டலிலேயே பெரியது அதுதான்.

அதோடு விட்டாலாவது பரவாயில்லை. "வாத்தியத்துக்கும் மரியாதை பண்ணணும்லா?" என்று மேனேஜர் என் தட்டிலிருந்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி, ஆயுத பூஜைக்கு மெஷினில் பூசுவது போல அந்தப் பளபளத்த மரத்தில் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தார். அவருக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. அதுதான் இன்னும் எரிச்சல். அந்த அம்மா செல்லோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு முன்வரிசை வரிசையாக மேடைக்கு வந்தது. ஒவ்வொருத்தரும் கை குலுக்கினார்கள். பிடித்த கையை விட மனசில்லாமல் குலுக்கினார்கள். கீழே கேசரிப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கூட்டம் விலகியதும் அவர் கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தார். அது மஞ்சளாக இழுவிக்கொண்டது. துடைத்துக்கொண்டே சிஸ்டரிடம் ஏதோ சொன்னார். சிஸ்டர் மைக்கில் தமிழில் சொன்னார்: "இந்தப் பாட்டு பாதியில நின்னுபோச்சு. யாருக்காவது கேக்கணும்னு இருந்தா முதல்ல இருந்து முழுசா வாசிக்கிறேன்னு சொல்றாங்க. ஒரே ஒரு ஆளுக்குன்னாலும் வாசிப்பாங்களாம்."

யாரும் திரும்பவில்லை. எல்லாரும் பொட்டலத்துக்கு முட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். யாருக்காக அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சிஸ்டருக்கும் புரிந்துவிட்டது; அவரும் என்னைப் பார்த்தார். அவர்கள் பார்ப்பதைப் பார்த்து மேனேஜரும் திரும்பினார்.

"ஏம்மா, நீ கேக்கணுமா?" என்று சிரித்தார்.

முன்வரிசை ஆபீசர்களும் திரும்பினார்கள். சற்றுமுன் அந்த அம்மாவின் முழங்கால்களைப் பார்த்த அதே கண்கள் இப்போது என்மேல்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது. யாரும் அடித்திருக்கவும் மாட்டார்கள். நாலு நாள் கேலி பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த மன்றத்தில் இருந்த அத்தனை பேரையும் அத்தனை நேரமும் மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டு நின்றவள் நான்.

"வேண்டாம் சார்" என்றேன்.

"பாத்தீயளா சிஸ்டர்? இந்தப் புள்ளைக்கே வேண்டாமாம்."

சிஸ்டர் அதை மொழிபெயர்க்கவில்லை. அவசியமும் இருக்கவில்லை. அந்த அம்மா வில்லின் திருகைத் தளர்த்தினார், செல்லோவைப் பெட்டியில் வைத்து மூடினார். அதன் பிறகு ஊருக்குப் போகும்வரை மூன்று மணிக்கு வேறு என்னென்னவோ வாசித்தார். அந்தப் பாட்டை வாசிக்கவில்லை. அதன் பெயரும் எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் மதுரை கேசட் கடைகளில் போய் நின்றாலும் என்னவென்று சொல்லிக் கேட்பது?

அன்றைக்கு வெளியே வரும்போது எனக்கும் ஒரு கேசரிப் பொட்டலம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் அதை முழுசாகத் தின்றும் முடித்தேன்.