பியானோ ரிப்பேருக்குப் போகிறது

அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்ததும் ரொறன்ரோவில் வோபர்ன் என்ற பகுதியில் இருந்த அவருடைய வீட்டை விற்பதென்று பேசி முடித்தோம். பேசினோம் என்றால், பெரியண்ணை பேசினார், நான் தலையாட்டினேன், தங்கச்சி "உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். வீடு எங்கள் மூவரின் பெயரிலும் இருந்தது. பெரியண்ணை ஒஷாவாவில் இருக்கிறார். நான் மோர்னிங்சைட்டில் ஓர் அப்பார்ட்மென்டில். தங்கச்சி தன் கணவரோடும் மகளோடும் அம்மாவின் வீட்டிலேயே இருந்து, கடைசிவரை அம்மாவைப் பார்த்தவள்.

வீடு விற்கும் முகவரை ஒழுங்கு செய்தது நான். ஸ்காபரோவில் ஓர் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் நெடுங்காலம் வேலை செய்தவன் நான். வீடு விற்பவர்களின் சிரித்த படங்களுக்கு நடுவே மிஞ்சும் இடத்தில் செய்தியைப் போடுவதுதான் அங்கே என் வேலை. ஆகவே யாரைக் கூப்பிடுவது என்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை முகவர் வந்து வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை நடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்திய வியாழக்கிழமை தங்கச்சியின் மகள், என் மருமகள், என்னை அழைத்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிக்கிறாள்.

"சின்னமாமா, அம்மாக்கு வீடு வேணும். ஆனா கேக்கமாட்டா."

"ஏன் கேக்கமாட்டா?"

"கேட்டா, அம்மம்மாவைப் பாத்தது வீட்டுக்காக எண்டு நீங்கள் ரெண்டு பேரும் நினைப்பியளாம். லைக், அதை யோசிச்சு யோசிச்சு நித்திரை கொள்ளுறா இல்லை."

"நான் அப்பிடி நினைக்கேல்லையே."

"அப்ப பெரியமாமாட்டச் சொல்லுங்கோ."

"நான் சொன்னா, ஆர் சொல்லித் தந்தது எண்டு உடனே கண்டுபிடிச்சிடுவார். பிறகு கொம்மா உன்னைத்தான் பிடிப்பா."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓகே, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. எல்லாரும் ஒரு படம் பாப்பம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். தங்கச்சியின் கணவர் லொறியோடு வின்னிபெக்குக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் நின்றாலும் மனைவி வீட்டுச் சொத்துக் கதைக்குள் வாய் வைக்கமாட்டார். பெரியண்ணை எனக்கு முதலே வந்து, டிவிக்கு நேரே இருந்த ஒரே நல்ல கதிரையைப் பிடித்திருந்தார். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு. தங்கச்சி எல்லாவற்றையும் ஒரு கரண்டி கூடவே போட்டாள். அந்தச் சமையலறையில் அதுதான் கடைசி ஞாயிறு என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடிந்ததும் மருமகள் வெளியே பனியில் பட்டுத் தெறித்த வெயிலைத் திரைச்சீலையால் மறைத்தாள். நூலகத்தில் எடுத்த டிவிடியைப் போட்டாள்.

"பிரெஞ்சுப் படம் மாமா. தாய் செத்தபிறகு ரெண்டு அண்ணாவும் ஒரு தங்கச்சியும் வீட்டை என்ன செய்யிறது எண்டு கதைக்கினம்."

"உதைப் பாக்கவோ ஒஷாவாவில இருந்து வந்தனான்?" என்றார் பெரியண்ணை. "சண்டைப் படம் ஒண்டும் இல்லையோ?"

"உதுவும் சண்டைப் படம்தான். ஆனா ஆரும் அடிக்கமாட்டினம்."

"கீழ எழுத்து வருமோ?"

"இல்லை, உந்த டிவிடியில இங்கிலிஷ் சப்டைட்டில் இல்லை. நான் தமிழிலை சொல்லிக்கொண்டு வாறன்."

டிவிடியின் உறை என் பக்கத்து மேசையில் கிடந்தது. பழக்கதோஷத்தில் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசித்தேன். ஆங்கில சப்டைட்டில் உண்டு என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி உறையைத் திரும்பவும் வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நானும் பெரியண்ணையும் கனடாவில் முதலில் இருந்தது மொன்றியலில். ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினோம். சமையல்காரர் எங்களைத் திட்டியது முழுக்கப் பிரெஞ்சில்தான். திட்டு விளங்கவேண்டுமென்று மொழியைப் படித்தவன் நான். நான் ரொறன்ரோ வந்த பிறகும் பெரியண்ணை அங்கே நின்று டாக்சி ஓட்டினார். ஆனால் குடும்பத்தில் அந்தக் கதை வரும்போதெல்லாம், "பொன்ஜூர், மெர்சி, அதோட என்ர பிரெஞ்சு முடிஞ்சுது" என்று சிரிப்பார்; என் பிரெஞ்சைப் பற்றி நானும் வாய் திறப்பதில்லை. மருமகள் அதைக் கேட்டே வளர்ந்தவள். மாமாக்கள் இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது என்பது அவளுக்குக் கேள்வியில்லாத விஷயம்.

படத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கல்வீடு. மூத்தவன் கோட் போட்டவன், இளையவன் தாடி வைத்தவன். தங்கச்சிக்காரி மெலிந்த பெண், எந்நேரமும் சிகரெட். முதல் அரை மணித்தியாலம் மருமகள் நேர்மையாகவே மொழிபெயர்த்தாள். அலுமாரி யாருக்கு, வெள்ளிக் கரண்டிகள் யாருக்கு என்று அவர்கள் இழுபட்டார்கள்.

"ஒரு கரண்டிக்கு இவ்வளவு கதையோ?" என்றார் பெரியண்ணை. "நோஃப்ரில்ஸ் கடையிலை மலிவா வாங்கலாமே."

"பெரியண்ணை, படத்தைப் பாக்க விடுங்கோ," என்றாள் தங்கச்சி.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மூவரும் கூடத்தில் நிற்கிறார்கள். மூத்தவன் கேட்கிறான்: உனக்கு என்னதான் வேண்டும்? தங்கச்சிக்காரி பியானோவின் மேல் கை வைத்தபடி நீளமாகப் பேசுகிறாள். வீட்டை விற்றுவிடுங்கள், இங்கே இன்னும் ஓர் இரவுகூட என்னால் தூங்க முடியாது, எனக்கு இந்தப் பியானோ மட்டும் போதும். அவள் சொன்னது இவ்வளவுதான்.

மருமகள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவ சொல்லுறா, எனக்கு இந்த வீட்டிலதான் இருக்கவேணும். ஆனா கேக்க வெக்கமா இருக்கு. கேட்டா, அம்மாவைப் பாத்தது வீட்டுக்காக எண்டு நீங்கள் நினைப்பியள். நான் அதுக்காகப் பாக்கேல்லை. விக்கப்போறம் எண்டு நீங்கள் சொன்ன நாளிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை."

தங்கச்சி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை. தங்கச்சி எழுந்து, கேட்காமலே எல்லோருக்கும் இன்னொரு முறை தேத்தண்ணி போடச் சமையலறைக்குப் போனாள். அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

"பியானோ, பியானோ எண்டு கேட்டுதே," என்றார் பெரியண்ணை.

"ஓம் மாமா. பியானோ இருக்கிற வீடு எண்டு சொல்லுறா."

"பின்னை ஏன் உதைத் தடவிக்கொண்டு நிக்கிறாள்?"

"கவலை, மாமா."

பெரியண்ணை "ம்" என்றார். நான் முகத்தை நேரே வைத்துக்கொண்டேன். பத்திரிகையாளர் கூட்டங்களில் அமைச்சர்கள் பேசும்போது பழகிய முகம் அது.

அதன்பிறகு மருமகளுக்கு வேலை கூடிவிட்டது. திரையில் மூத்தவன் முகவரோடு கைகுலுக்கினான். அது வைத்தியர் என்றாள். இளையவன் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தான். தண்ணி பில் என்றாள். கடைசியில் ஒரு பெரிய லொறி வந்து நிற்க, நான்கு பேர் பியானோவைக் கம்பளியால் சுற்றித் தூக்கினார்கள். வீட்டுக் கதவு பூட்டப்பட்டது. தங்கச்சிக்காரி லொறியில் ஏறிச் சிரித்தாள்.

"இப்ப எங்க போயினம்?" என்றார் பெரியண்ணை.

மருமகள் கொஞ்சம் யோசித்தாள். "பியானோ ரிப்பேருக்குப் போகுது. அவவும் கூடப் போறா. பின்னேரம் திரும்பி வந்திடுவா."

படம் முடிந்தது. திரைச்சீலையைத் திறந்ததும் எல்லோரும் கண்ணைச் சுருக்கினோம். தங்கச்சி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் வெட்டியதாகச் சொன்னாள். தேத்தண்ணிக்கு எதற்கு வெங்காயம் என்று யாரும் கேட்கவில்லை.

பெரியண்ணை ஒரு மிடறு குடித்தார். "தம்பி, நாளைக்கு வாறவனை வரவேண்டாம் எண்டு சொல்லிவிடு."

"ஆரை?"

"பலகைக்காரனை."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே, பெரியண்ணை," என்றாள் தங்கச்சி.

"நீ கேக்கேல்லை. படத்தில அவள் எல்லே கேட்டவள்." கோப்பையைக் கீழே வைத்தார். "அம்மாவின்ர வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு எண்டுதானே எங்கட வழக்கம்? உனக்குக் கலியாணம் நடக்கேக்கை எங்களிட்ட என்ன இருந்தது? தேவாலய மண்டபத்தைக்கூடக் கடனுக்குத்தான் எடுத்தது. ஒரு சீதனமும் குடுக்கேல்லை. இப்ப குடுக்கிறம். கொஞ்சம் பிந்திப்போச்சு."

"உங்கட பங்கு?"

"எனக்கு ஒஷாவாவில புல்லு வெட்டுறதே காணும். இன்னொரு வளவு வேண்டாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "மாப்பிளை இன்னும் சீதனம் கேட்டு வரேல்லை எண்டு நான் எப்பவும் யோசிக்கிறனான். என்ர பங்கும் அதோட சேரட்டும்," என்றேன். தங்கச்சி சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு பெரியண்ணையின் கோப்பையில் சீனி போட மறந்ததைக் கண்டுபிடித்து அதற்காகத் திரும்பவும் சமையலறைக்குப் போனாள். போகும்போது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போனாள்.

நான் அங்கேயே நின்று முகவரை அழைத்தேன். அவர் சந்தை நிலவரம் பற்றி நீண்ட நேரம் பேசினார். "வீடு ரிப்பேருக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

புறப்படும்போது வாசலில் பெரியண்ணை குனிந்து சப்பாத்தைப் போட்டார். மருமகள் அவருடைய தடித்த ஜக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்து, அதற்குள் கையை நுழைத்தபடியே அவளிடம் பிரெஞ்சில் பேசினார். மொன்றியல் டாக்சிக்காரர்களின் வேகமான, மூக்கால் வரும் பிரெஞ்சு. அந்தப் பெண் பியானோவோடு பாரிஸுக்குப் போய்விட்டாள், திரும்பி வரமாட்டாள், ஆனால் நீ சொன்ன கதைதான் நல்ல கதை என்றார்.

மருமகளின் வாய் திறந்தபடியே இருந்தது. ஜக்கெட்டின் மற்றக் கை அவள் கையிலேயே தொங்கியது.

"என்னவாம் பெரியண்ணை சொல்லுறார்?" என்று சமையலறையிலிருந்து தங்கச்சி கேட்டாள்.

மருமகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆட்டிறைச்சிக் கறி நல்லா இருந்ததாம், அம்மா," என்றாள்.