ஓடு பிரித்த வீட்டில் காட்டுப்பூனை

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எந்த வேலையிலும் ஓராண்டு முழுதாக நின்றதும் இல்லை. அம்மாபேட்டையில் சாயத்தொட்டி வேலையில் கை வெந்துபோய் அதை விட்டு வெளியேறிய வருஷம், பிளேக் ஊர்களில் ஓடு பிரிக்கும் வேலை கிடைத்தது.

பிளேக்கில் எலி செத்து விழுந்த ஊரை ஜனங்கள் காலி செய்துவிட்டு, வெளிக்காட்டில் ஓலைச்சாளை போட்டுக்கொண்டு தங்குவார்கள். காலியான வீடுகளில் பாதி ஓட்டைக் கழற்றி உள்ளே வெயில் விழச் செய்ய வேண்டும். பிறகு சுண்ணாம்பு அடித்து ஓட்டைத் திரும்பப் போட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அந்த வீடுகளைத் தொட மாட்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட வெளியூர் ஆளுக்குக் கூலியும் சோறும் உண்டு. ஊசி போட்ட கை நான்கு நாள் வீங்கிக் கிடந்தது. அதுவும் வேலையில் சேர்த்திதான் என்று இருந்துவிட்டேன்.

நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே, மலையை ஒட்டிய ஓர் ஊர். ஆடியில் பிரித்த ஓட்டைப் புரட்டாசி மழைக்கு முன் போட்டு முடிக்கச் சொன்னார்கள். நடுத்தெருவில் ஒரு குடியானவர் வீடு. அவர் மனைவிக்கு நிறைமாதம். தினமும் தெருமுனை வரை வந்து நின்று என்னைக் கேட்பாள்.

"ஏனுங்ணா, எங்கூட்டு ஓடு எப்பங்க போடுவீங்க?"

"நாளானிக்கு ஆயிருமுங்க அம்மிணி."

"இப்படித்தான் முந்தாநாளும் சொன்னீங்க. நான் சாளையிலயே பெத்துப்போட்டுருவேனாட்ட இருக்குது."

தாய்வீட்டுக்கும் அவள் போக முடியாது. பிளேக் ஊர்க்காரர்கள் உள்ளே வந்துவிடாமல் அவள் அப்பன் ஊரில் எல்லையில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். சொந்த மகளானாலும் அதே சட்டம்தான்.

அந்த வீட்டுக் கூரையில் நான் ஏறியது ஒரு காலை நேரம். ஓடு தாங்கும் வரிச்சுகளின் இடைவெளி வழியாக உள்ளே இறங்கினேன். வீட்டில் ஒரு வீச்சம் அடித்தது. மூலையில் ஆளுயர மண்குதிர் நின்றது. தானியத்தைச் சாளைக்கு எடுத்துக்கொண்டு போனபோது அதன் அடிவாயைத் திறந்து அப்படியே விட்டிருந்தார்கள். அந்த வாய்க்கு முன்னால் ஐந்து எலிகள் செத்துக் கிடந்தன.

நோயில் விழுந்த எலிகள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது குதிருக்குள்ளிருந்து மெல்லிய கத்தல் வந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கண்கள், சீறல், பல். நீண்ட கால், வால் நுனியில் கறுப்பு வளையம். காட்டுப்பூனை. வயிற்றோடு மூன்று குட்டிகள் ஒட்டிக்கிடந்தன. நாங்கள் திறந்துவிட்ட கூரை வழியாகத்தான் அது வந்திருக்க வேண்டும்.

அப்பாடா என்றிருந்தது. பூனை கொன்ற எலிகள், தானாக விழுந்தவை அல்ல. ஒரு வரிச்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நான்கின் கழுத்தில் பல் பதிந்திருந்தது. அவற்றில் ஒன்றுக்கு வயிறே இல்லை. ஐந்தாவது முழுசாக இருந்தது. அதில் காயம் தெரியவில்லை.

சீமெண்ணெய் ஊற்றி ஐந்தையும் கொல்லையில் எரித்தேன். அதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த முறை. பிறகு சாளைக்குப் போய்க் குடியானவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். பூனையைக் கேட்டதும் சிரித்தார்.

"நாங்க ஓலைக்கடியில கெடக்கறோம், அதுக்கு ஓட்டு ஊடு கேக்குதா?"

ஐந்தாவது எலியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"பூனை அமுக்கிக் கொன்னிருக்கும்ப்பா. எல்லாத்தையும் கடிச்சுத்தான் கொல்லோணுமா?"

"இருக்கலாமுங்க."

"அப்ப மணியக்காரர்கிட்டப் போகாத. விழுந்த எலின்னு ஒரு பேச்சு வந்தா ஊட்டை இன்னொரு மாசம் மூடிருவாங்க. உனக்கே தெரியும். அவ நெலமையப் பாத்தயில்ல?"

பார்த்திருந்தேன். ஆனால் அதற்கு முந்தைய ஊரில் விழுந்த எலியை மறைத்துவிட்டுக் குடிபோன ஒரு வீட்டிலிருந்து மூன்று பேரைப் பிணமாகத் தூக்கியவன் நான். கடைசியாகத் தூக்கியது ஒரு கைப்பிள்ளை. அதை அவரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாளைக்குள் போய்விட்டார்.

நேராகப் போய்ச் சொன்னதை மணியக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அஞ்சையும் பூனையே கொண்டாந்திருக்குமல்ல?"

"நாலை அது கொண்டாந்ததுங்க. ஒண்ணு தெரியலீங்க."

"தெரியலீன்னா மூடறதுதான். நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

கதவைப் பூட்டினார்கள். அந்த வீட்டுக் கூரையை மட்டும் பாதி திறந்தபடி விட்டுவிட்டு நான் அடுத்த வீட்டுக்கு ஏறினேன். மேலிருந்து பார்த்தால் பூனை சுவரேறிப் போவதும் வாயில் எதையோ கவ்விக்கொண்டு திரும்புவதும் தெரியும். குட்டிகள் கண் திறந்து முற்றத்தில் புரண்டன. அந்தப் பெண் தெருமுனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

மழை ஐப்பசி பிறந்ததும் பிடித்துக்கொண்டது. அவர்கள் சாளைமேல் நானே போய்ப் பனையோலையை இரட்டையாக வேய்ந்து கொடுத்தேன். குடியானவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் ஒழுகியது. மூன்றாம் நாள் ஈரத்திலேயே பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. உடம்பு சூடேறவே இல்லை என்றார்கள். பிறந்த நான்காம் நாள் போய்விட்டது.

அந்த ஊரில் அதற்குப் பிறகு எலியும் விழவில்லை, ஒருவருக்கும் நெறி கட்டவும் இல்லை. ஐந்தாவது எலி நோயால் செத்ததா, பூனையால் செத்ததா என்பதை இது சொல்லாது. வீடு மூடிக் கிடந்ததால்தான் தப்பித்தார்கள் என்று மணியக்காரர் சொன்னார். அவர் சொன்னதை நம்பத்தான் எனக்கும் விருப்பம்.

மாதக் கெடு முடிந்ததும் பூட்டைத் திறந்தார்கள். பூனையும் குட்டிகளும் எங்கோ போயிருந்தன. நான் கூரைமேல் உட்கார்ந்து மீதி ஓட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே அவள் தரையைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். நடுவில் கையை நிறுத்தி மேலே பார்த்தாள்.

"ஏனுங்ணா, அந்த எலி மேல காயமே இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மிணி."

"பெரட்டிப் பாத்தீங்களா?"

குச்சியால் தள்ளியது நினைவிருக்கிறது. மற்ற நான்கையும் மல்லாத்திப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அதை மல்லாத்தினேனா? காயமில்லை என்று கண்டவுடன் பயந்து சீமெண்ணெய் எடுக்கப் போனேனா? எவ்வளவு யோசித்தும் அதன் முதுகு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

"பெரட்டித்தான் பாத்தனுங்க" என்றேன்.

"செரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மெழுகத் தொடங்கினாள். நான் மடியில் இருந்த ஓட்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன். அவள் உட்கார்ந்திருந்த இடம் இருட்டாயிற்று.