மஞ்சள் பூசிய டிரம்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சேஃப்டி பிரிவில் எனக்கு வேலை. புதிதாக ஒரு ரசாயனம் உள்ளே வர வேண்டுமென்றால் முதலில் அதன் பாதுகாப்புத் தாள் என் மேசைக்கு வரும். தீப்பிடிக்குமா, வெடிக்குமா, இரும்பை அரிக்குமா என்பது ஒரு பக்கம். மூச்சில் போனால், தோலில் பட்டால், வயிற்றுக்குள் போனால் மனிதனை என்ன செய்யும் என்பது இன்னொரு பக்கம். அந்தக் கெடுதல் இன்றைக்கே தெரியுமா, பல வருடம் கழித்துத்தான் தெரியுமா என்றும் பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்துவிட்டு, யார் எதை மாட்டிக்கொண்டு அதைத் தொடலாம் என்று எழுதிக் கொடுப்பேன். பாதிப் பேர் அதைப் படிக்க மாட்டார்கள். நான் கத்துவேன். சேஃப்டி மேடத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று கேன்டீனில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. பொய்யில்லை.

கத்தி முடித்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்கி ஊருக்குப் போனால், அங்கே நீல டிரம் இல்லாத வீடு கிடையாது. தண்ணீர் பிடிக்க, விதைநெல் ஊறவைக்க, தவிடு கொட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஏதோ ஒன்றைச் சுமந்துவிட்டு வந்தது. காலி டிரம் ஓட்டை போடாமல் வெளியே போகக் கூடாது என்று எங்கள் கம்பெனியில் நான் கண்கொத்திப் பாம்பாக நிற்பேன். எல்லா இடத்திலும் அப்படி நிற்பார்கள் என்று யார் சொன்னது? காயலான் கடையில் கேட்டால் ஆயில் வந்த டிரம் என்பார்கள். என்ன ஆயில் என்று கேட்டவர் எங்கள் ஊரில் இல்லை. மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். வாசனை இல்லையென்றால் நல்ல டிரம், அவ்வளவுதான்.

அந்த ஆடி ஞாயிற்றுக்கிழமை சித்தி அம்மனுக்குக் கூழ் வார்த்தாள். சித்தி என்றால் என் அப்பாவின் தம்பி மனைவி. அவள் மகளுக்கு, அதாவது என் தங்கைக்கு, இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாக நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. தங்கினால் கூழ் வார்க்கிறேன் என்று சித்தி வேண்டிக்கொண்டிருந்தாள். படையல் முடிந்ததும் முதல் சொம்பு தங்கைக்கு. அதற்கப்புறம்தான் தெருவுக்கு.

நான் போய்ச் சேர்ந்தபோது கூழ் கரைத்து, படையலும் போட்டு முடித்திருந்தார்கள். வாசல் பந்தலில் வேப்பிலை கட்டிய நீல டிரம் நின்றது. அதன் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வெறும் சொம்பு.

"அண்டா கெடைக்கலம்மா. எல்லாத் தெருவுலயும் இன்னிக்கே கூழு. வாடகைக் கடைக்காரன் கைய விரிச்சிட்டான்" என்றார் சித்தப்பா. "அதான் நல்ல டிரம்மா பாத்து வாங்கியாந்தேன்."

"உள்ள இன்னா வந்த டிரம்மு?"

"எதுனா ஒண்ணு. வாசனையே இல்ல. சோப்பு போட்டு, நாரு வெச்சி தேச்சி, வெந்நி ஊத்தி அலசிக்கீறேன். உன் கம்பெனில கூட இப்டி கழுவ மாட்டானுங்க."

"கூழு எப்ப ஊத்துனீங்க?"

"நேத்தே காய்ச்சி சூடா ஊத்தியாச்சி."

மஞ்சள் அப்பியிருந்த இடத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. சாய்வான கோடு. துப்பட்டா முனையை எடுத்து அந்த மஞ்சளைத் துடைத்தேன்.

"ஏய், இன்னாடி பண்ற?" சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ண வெச்சிக்கினு குங்குமத்த அழிக்கிற?"

அழித்துவிட்டேன். சாய்சதுரக் கட்டத்துக்குள் கறுப்பாக ஒரு மனிதன், வெடித்த பருத்திக்காய் போல நெஞ்சில் வெள்ளைப் பிளவு. உடனே ஆளைக் கொல்லும் விஷத்துக்கு மண்டையோடு போடுவார்கள். தீப்பிடிப்பதற்கு நெருப்பு. இந்த ஆள் மெதுவாக வேலை செய்கிறவற்றுக்கு: புற்று, ஈரல் கெடுவது, மூச்சு ஒவ்வாமை, கருவில் இருப்பதைக் கெடுப்பது. இதில் எது என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கும், பொருளின் பெயரும் இருக்கும். அந்தக் கீழ்ப்பாதியைத்தான் சித்தப்பா நார் வைத்துத் தேய்த்து எடுத்திருந்தார்.

"அந்தப் பொம்மய நானும் பாத்தேன்" என்றாள் சித்தி. "மனுசன் நெஞ்சு வெடிச்சா மாதிரி. நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா கீதேன்னுதான் மஞ்ச பூசுனேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வருடா வருடம் கம்பெனியில் வகுப்பு எடுக்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்து ஒருவரும் பயந்ததில்லை. சித்தி ஒரே பார்வையில் பயந்திருக்கிறாள். பயந்து, அதன்மேல் மஞ்சளைப் பூசியிருக்கிறாள்.

"இத யாரும் குடிக்கக் கூடாது."

"குடிச்சா இன்னா ஆவும்?" என்றார் சித்தப்பா.

"தெரியாது."

"இவ்ளோ படிச்சிட்டு தெரியாதுன்றதுக்கா கம்பெனில சம்பளம் குடுக்குறான்?"

பந்தலில் நின்றவர்கள் சிரித்தார்கள். உண்மையில் அதற்குத்தான் கொடுக்கிறார்கள். என்னவென்று தெரியாத பொருளை ஆபத்தான பொருளாகவே வைத்துக்கொள் என்பது என் வேலையின் அரிச்சுவடி. பாம்பு பெட்டிக்குள் இருந்தாலும் பாம்புதான், யார் கையை விடுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பிளாஸ்டிக் தன்னுள் வைத்திருந்ததைக் கொஞ்சம் குடித்து வைத்துக்கொள்ளும், சூடாகவும் புளிப்பாகவும் ஒன்றை ஊற்றினால் திருப்பிக் கொடுக்கும் என்று விளக்கினேன். என் குரல் ஏறிக்கொண்டே போனது. எவ்வளவு ஏறியதோ அவ்வளவுக்கு அவர்கள் முகம் இறுகியது. பூசாரி நேரமாகிறது என்றார்.

சித்தி யாரையும் பார்க்கவில்லை. மகள் மடியிலிருந்த சொம்பை வாங்கி, டிரம்முக்குள் விட்டு மொண்டு, நான் கையை நீட்டுவதற்குள் அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் அவளையே பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா" என்றார் சித்தப்பா. "கல்லாட்டம் நிக்கிறா."

எங்கள் ஊர்ச் சோதனை அது. ஒருவர் குடித்து விழாவிட்டால் எல்லாரும் குடிக்கலாம். சித்தி சொம்பை மறுபடியும் டிரம்முக்குள் விட்டாள், இந்த முறை மகளுக்கு. இனிமேல் நாசூக்குப் பார்ப்பதற்கில்லை. சாமி காரியத்தில், ஒரு கர்ப்பிணியின் எதிரில் யாரும் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"சித்தி, இது இன்னிக்கு உன்ன ஒண்ணும் பண்ணாது. அந்த பொம்ம போட்டு வர்றதுல, பெரியவங்கள வுட்டுட்டு வயித்துல கீற புள்ளய புடிக்கிறதும் உண்டு. இது அதுவான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்க வழியும் இல்ல. கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீங்களா?"

பம்பை அடிப்பவர் கூட நிறுத்திவிட்டார். தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சித்தி சொம்பிலிருந்ததை டிரம்முக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள். பிறகு டிரம்மின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். தனியாளாக அசைக்க முடியவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து மறுபக்கம் பிடித்தார். மாட்டுக்கு ஊற்றலாமா என்றார். வேண்டாம் என்றேன். கால்வாயில்? அதுவும் வேண்டாம். கிணற்றுக்கு எட்டத்தில் மேட்டில் குழி வெட்டிக் கொட்டினோம். டிரம்மில் கடப்பாரையால் ஓட்டை போட்டது நான்தான். கை வலிக்க வலிக்கக் குத்தினேன்.

பக்கத்து வீடுகளில் புளிக்க வைத்திருந்த மாவு வந்தது, ஒரு வீட்டிலிருந்து தயிர் வந்தது. சோற்றுக் குண்டானிலேயே சித்தி மறுபடியும் கூழ் காய்ச்சினாள். மத்தியானத்துக்கு மேல் புதிதாகப் படையல் போட்டார்கள். தங்கை முதல் சொம்பு குடித்தாள். தெருவில் பாதிப் பேருக்குக் கூழ் எட்டவில்லை, அதற்கான பேச்சு எனக்குத்தான் கிடைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சாயங்காலம் பின்கட்டில் நானும் சித்தியும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"நான் ஒரு சொம்பு குடிச்சனே. எனக்கு இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது சித்தி."

"காலைல தெரியாதுன்ன. அதுக்குள்ள தெரிஞ்சிக்கினியா?"

ஒரே ஒரு சொம்பு, ஒரே ஒரு தடவை, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அவள் கேட்டது 'பெரும்பாலும்' அல்ல.

"தெரியாது சித்தி" என்றேன்.

அவள் குண்டானைக் கவிழ்த்து அடிக்கரியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"செரி, வுடு" என்றாள். "அவ குடிக்கல இல்ல."