புஷ் போல்ட்டும் பின் சீட்டு அரிசி மூட்டையும்

கிறீச்... கிறீச்...

அனுமந்தன்பட்டியில் எங்கள் தெருவுக்குள் அப்பாவின் பழைய வெள்ளைக் கார் திரும்பினால், அவருக்கு முன்னால் இந்தச் சத்தம்தான் வீட்டுக்குள் வரும். அம்மா தட்டை எடுத்து வைத்துவிடுவார்.

அக்காவுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. குமுளியில் இருந்தவளைப் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். அத்தான் பக்குவமாகத்தான் சொன்னார்: "மலை ரோடு மாமா... டாக்ஸி வச்சுக்கிருவோமே."

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "எம் மகளை எம் வண்டியிலதான் கூட்டியாருவேன்."

மறுநாளே தேனிக்குப் போய் முன் சக்கரங்களுக்கு ஆர்ம் புஷ் வாங்கி வந்தார். இரும்புக்கு நடுவில் உட்கார்ந்து குலுக்கலைத் தாங்குகிற ரப்பர் அது; அது தேய்ந்ததால்தான் அந்தக் கிறீச். ஜாக்கியில் தூக்கி, பழசைத் தட்டி எடுத்து, புதுசை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். உத்தமபாளையம் வரை ஓட்டிப் பார்த்தோம்...

முன்பைவிட அதிகமாகக் கத்தியது!

அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "சக்கரம் அந்தரத்துல தொங்கயிலயே முறுக்கிப்புட்டேன்டா! தரையில எறக்குனதும் ரப்பர் திருகிக்கிருச்சு. பாரம் இருக்கயிலதான இறுக்கணும்!"

போல்ட்டுகளைத் தளர்த்தினார். நாலு சக்கரத்தையும் கனமான பலகைகள் மேல் நிறுத்தி, உருளாமல் கட்டை கொடுத்தார். அதோடு விட்டாரா? மலையிறங்கும்போது இருக்கப்போகும் பாரம் அப்படியே வேண்டுமாம். முன் சீட்டில் நான். பின்னால் ஜெபமாலையோடு அம்மா. அக்கா இடத்தில் அரிசி மூட்டை.

"இன்னுங் கொஞ்சம் வைய்யி, அவ ரெண்டு உசுருல்ல" என்றார் அப்பா.

"எம் புள்ளைய மூட்டைங்கிறீக!" என்று அம்மா முறைத்தார். ஆனால் ஒரு பை அரிசியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்பா காருக்கு அடியில் போனதும் எதிர் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "குடும்பத்தோட எங்கன கெளம்பிட்டீக?"

"எங்கயும் போகல. போல்ட்டு முறுக்குறாக" என்றார் அம்மா, ஜெபமாலையை விடாமல்.

குமுளி மலையில் இறங்கும்போது வண்டியில் சத்தமே இல்லை. அக்கா தூங்கிக்கொண்டே வந்தாள். அப்பா அடிக்கடி கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

போன வாரம் சர்வீஸ் சென்டரில் என் காருக்குப் புஷ் மாற்றினேன். நான் ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே வேலை முடிந்துவிட்டது. சுத்தமான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மா தவறிப்போன பிறகு அப்பா தினமும் போன் செய்வார். அன்றும் செய்தார். புஷ் மாற்றியதைச் சொன்னேன்.

"பாரம் கொடுத்துத்தான முறுக்குனாக?"

"ஆமாப்பா, கேட்டுட்டேன்."

"உள்ள யாரு உக்காந்தது?"

"யாரும் உக்காரலப்பா... அதுக்கெல்லாம் இப்ப மெஷின் இருக்கு."



"அடப் போடா... சொல்லியிருந்தா நான் வந்து உக்காந்திருப்பேன்ல."